ஓ.டி. படித்தவர்கள் கட்டட வரைபடத்தையும் கையில் எடுக்கலாமே

ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.), அதாவது நோயாலோ உடல் குறைபாட்டாலோ அன்றாட வேலைகள் கடினமானவர்களுக்கு உதவும் சிகிச்சைமுறை, படித்தால் மருத்துவமனை, இல்லாவிட்டால் சிறப்புப் பள்ளி என்றே நம் ஊரில் பேச்சு. ஐ.டி. கம்பெனிகளில் நாற்காலி, மேசை பார்க்கும் எர்கோனாமிக்ஸ் வேலையும் இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்புக்கு அச்சாகப் பொருந்துவது ஆக்சஸ் ஆடிட். ஒரு கட்டடத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை.

அதைத்தான் சிவில் இன்ஜினியர்கள் செய்கிறார்களே என்பீர்கள். அவர்கள் அளப்பது கட்டடத்தை. ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி ஓ.டி.க்குத்தான் உண்டு. சாய்தளத்தையே எடுங்கள். 1:12 சரிவு என்றால் 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம். அதைச் சரியாகவே போட்டிருப்பார்கள். உச்சியில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், சமதளம் இருக்காது. ஒரு கையால் கதவை இழுத்தால் வீல்சேர் பின்னால் உருளும்.

கழிவறை இன்னும் மோசம். சீட் உயரம் 450–480 மி.மீ. இருக்கும், கைப்பிடியும் இருக்கும். வலப்பக்கம் செயலிழந்தவருக்கு அந்த ஒரே கைப்பிடி வலப்பக்கச் சுவரில்! கழுவுவதற்கான ஹெல்த் ஃபாசெட்டும் அதே பக்கம். அதை எட்ட உடம்பைத் திருப்பினால் சமநிலை போய்விடும். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் ஃபாசெட், ஈரத்தரை, வாளி எதுவும் கணக்கில் வராது. லேசான பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் வைத்து மாட்டிய கைப்பிடி, முழு எடையைப் போட்டதும் கையோடு வந்துவிடும். கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக் கிடப்பார்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் வசதி தொடர்பான ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரை போதாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று சொன்னது. வேலைக்கு ஆள் தேவைப்படும்.

ஓ.டி.கள் இதில் சறுக்குவது அறிக்கையில்தான். ‘டிரான்ஸ்ஃபர் சிரமம்’ (வீல்சேரிலிருந்து சீட்டுக்கு மாறுவது சிரமம்) என்று எழுதினால் மேஸ்திரிக்கு என்ன புரியும்? ‘இடப்பக்கம் 900 மி.மீ. காலியிடம் வேண்டும், வாஷ்பேசினை எதிர்ச்சுவருக்கு மாற்றவும்’ என்று போட்டோ, மி.மீ. அளவோடு எழுத வேண்டும். பேசினை மாற்றினால் டைல்ஸ் உடையும், குழாய் மாறும்; செலவையும் பக்கத்திலேயே குறித்தால்தான் நிர்வாகம் படிக்கும்.

பழக ஒரு வங்கிக் கிளை போதும். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். டேப், மட்டம் பார்க்க ஸ்பிரிட் லெவல், கதவை இழுக்கும் விசையைப் பார்க்கக் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு. தெருவிலிருந்து கவுண்டர் வரை செய்ய வேண்டிய ஒவ்வொரு செயலையும் எழுதுங்கள். கதவு அகலத்தை நிலையின் ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டம் வரை அளக்காதீர்கள். 90 பாகையில் திறந்து வைத்து, மீதி வழியை அளக்க வேண்டும். வீல்சேரில் வரும் வாடிக்கையாளர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள், அவர் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.