87ஆம் பக்கம்

‘குண்டாஸ் பாய்ந்தது’, அதாவது விசாரணை இல்லாமலே ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் கமெண்டில் முதல் ஆளாக ‘சூப்பர்’ போடுகிறவர்களில் என் சொந்தக்காரர்களே நாலைந்து பேர் உண்டு. அவர்களைச் சண்டைக்கு இழுக்க இதை எழுதவில்லை. ஒரு காலத்தில் நானும் போட்டிருப்பேன். ஆறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோதுதான் அந்த வார்த்தை தொண்டையில் சிக்க ஆரம்பித்தது.

ஒரு ஆடி மாசம் ஒரு அம்மா வந்தார். கையில் ஜவுளிக்கடை கட்டைப்பை. உள்ளே நூல் போட்டுத் தைத்த ஜெராக்ஸ் கட்டு, இருநூற்றுச் சொச்சம் பக்கம். அதைத்தான் ‘புக்லெட்’ என்போம். குண்டாஸில் அடைக்கும் தடுப்புக் காவல் ஆணைக்கு என்ன காரணம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதற்கான காகிதம் மொத்தமும் அதில் இருக்க வேண்டும். காரணத்தை ஐந்து நாளுக்குள் உள்ளே இருப்பவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். மகன் பெயின்டர். பழைய அடிதடி ஒன்று, புதுசாக ஒரு கத்தி வழக்கு. அந்த வழக்கில் ஜாமீன் கேட்டு மனுப் போட்ட நிலையில் குண்டாஸ் போட்டுவிட்டார்கள்.

எங்கள் சார் புக்லெட்டைப் புரட்டிக்கொண்டே வந்து 87ஆம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். காயச் சான்றிதழின் நகல். மை அப்பி, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“இது போதும்மா.”

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. “அவன் கத்தி எடுக்கலன்னு சொல்ல மாட்டீங்களா சார்?”

“அது இங்க பேச்சே இல்லம்மா.”

சார் சொன்னது நிஜம். தடுப்புக் காவலில் குற்றத்தை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. செய்ததற்குத் தண்டனை இல்லை இது. இனிமேல் செய்யக்கூடும் என்று ஓர் அதிகாரிக்குப் பட்டதற்குச் சிறை. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். அவர் திருப்தி அடைந்தால் 12 மாதம் வரை உள்ளே. நடுவில், அடைத்தது சரியா என்று பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒரு குழு இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் விஷயம் அங்கே போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே வக்கீலை வைத்து வாதாட உரிமை கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்ற பெயின்டர் தனக்காகத் தானே பேச வேண்டியதுதான்.

அடைத்து வைத்த ஆளை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட்டால் உயர் நீதிமன்றம், அந்த அதிகாரி அடைந்த திருப்தி சரியா தப்பா என்று உட்கார்ந்து எடை போடாது. அதற்கு அவர் வந்து சேர்ந்த வழி ஒழுங்காக இருந்ததா என்றுதான் பார்க்கும். படிக்க முடியாத தாளைக் கொடுத்தால் அவன் எதை மறுத்து எழுதுவான்? மறுத்து எழுத வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 22(5) சொல்கிறதே? அங்கேதான் ஆணை உடையும். ‘டெக்னிக்கல் பாயின்ட்ல தப்பிச்சிட்டான்’ என்று நாம் உச்சுக்கொட்டுகிறோம். விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்ட ஒருவனிடம் மிச்சமிருப்பது அந்த டெக்னிக்கல் பாயின்ட் மட்டும்தான்.

புக்லெட்டுகளை வரிசையாகப் படித்தால் இன்னொன்று தெரியும். எல்லாக் குண்டர்களும் ஒரே மாதிரி குற்றம் செய்கிறார்கள்! கத்தியைக் காட்டிப் பணம் கேட்பார்கள். பொதுமக்கள் அலறி ஓடுவார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள். ஆட்டோக்கள் வேறு பாதையில் திரும்பிவிடும். ஊர் பேரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். காரணம் இருக்கிறது. இரண்டு பேர் டாஸ்மாக் வாசலில் அடித்துக்கொண்டால் அது வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. ஊரின் பொது அமைதியே குலைந்தால்தான் தடுப்புக் காவல் என்று உச்ச நீதிமன்றம் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா வழக்கிலேயே கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டத்தான் இந்த ஷட்டர். நீதிபதிகள் போட்ட வேலியே காவல் நிலையத்தில் டைப் அடிக்கும் பாராவாகிவிட்டது.

இதை ஒரு கட்சியின் பாவமாகச் சுருக்கிவிட முடியாது. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு முதல் இரண்டு உட்பிரிவில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட், விருப்பப்பட்ட வக்கீல் என்று பரிமாறுகிறது. மூன்றாவதில், தடுப்புக் காவல் என்றால் அது எதுவும் இல்லை என்று இலையோடு எடுத்துவிடுகிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே! குடியரசாகி நாலு மாதம்கூட ஆகாத 1950 மே மாதம், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசை எதிர்த்துப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றது. ஒரே ஒரு பிரிவை மட்டும் வெட்டியது: காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடமே சொல்லக் கூடாது என்ற பிரிவை. அப்படியும் ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள்.

பிறகு மிசா, நெருக்கடி நிலையில் எதிர்க்கட்சிக்காரர்களை அள்ளிப் போட்ட தடுப்புக் காவல் சட்டம். ஆளைக் கொன்றாலும் நெருக்கடி நிலை இருக்கும்வரை கோர்ட்டுக்குப் போக முடியாதா என்று நீதிபதி கன்னா கேட்டார்; முடியாதுதான் என்ற பொருளில் அட்டர்னி ஜெனரல் பதில் சொன்னார். 1976 ஏப்ரலில் நாலு நீதிபதிகள் அரசு பக்கம், கன்னா மட்டும் எதிர்ப்பக்கம். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகிவிட்டது.

மிசாவில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் ஜனதா கட்சியாக ஆட்சிக்கு வந்து 1978இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அறிவுரைக் கழகம் இல்லாமல் அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைப்பது, கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைப்படி அமைப்பது என்று அதில் ஒரு பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. நடைமுறைக்கு வரும் தேதியை அரசு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அன்று முதல் எந்தப் பிரதமரும் அந்தத் தேதியை அறிவிக்கவில்லை.

இங்கே கதை எப்படி? 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது நம் குண்டர் சட்டம். கள்ளச்சாராயம், கஞ்சா என்று ஆரம்பித்து, திருட்டு விசிடி, மணல், சைபர் குற்றம் என்று ரயிலுக்குப் பெட்டி கோப்பது போலக் கோத்துக்கொண்டே போகிறார்கள். சட்டத்தின் முழுப் பெயரை ஒரு மூச்சில் சொன்னால் பரிசே கொடுக்கலாம். 2017இல் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்தப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்திக்குக் குண்டாஸ்; அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டத்தில் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய ஏழு பேருக்குக் குண்டாஸ். மிசாவில் அடிபட்டதை மேடைதோறும் சொல்லும் கட்சியின் ஆட்சி அது! எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதான ஆணையை வாபஸ் வாங்கினார்கள். இரண்டு நாளில் வாபஸ் வாங்க முடிகிற ஆபத்துக்கு 12 மாதச் சிறை எதற்கு என்று நான் கேட்டால் என்னைக் கட்சிக்காரன் ஆக்கிவிடுவீர்கள்.

“அப்ப நிஜ ரவுடிய என்ன பண்றது?” என் மச்சான் எப்போதும் கேட்பது. நியாயமான கேள்விதான். எங்கள் தெருவிலும் ஒருத்தன் இருந்தான். உள்ளே போனபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வருஷம் கழித்து, எந்த வழக்கிலும் தண்டனை இல்லாமல், ‘குண்டாஸ்ல இருந்தவன்’ என்ற பட்டத்தோடு வந்தான். வட்டிக்கடைக்காரர்களே அவனுக்குச் சம்பளம் பேசினார்கள். அவன் மேல் இருந்த வழக்கைச் சாட்சி கூட்டி நடத்தியிருந்தால் ஐந்து வருஷம் போயிருப்பான். சாதாரணச் சட்டம் போதும் என்கிற இடத்தில் தடுப்புக் காவலை எடுக்காதே என்று 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு.

பெயின்டர் விஷயத்துக்கு வருகிறேன். 87ஆம் பக்கம் வேலை செய்தது. ஆணை ரத்து. ஆனால் மனு விசாரணைக்கு வந்து உத்தரவு கிடைப்பதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அந்த ஏழு மாதத்துக்கு நஷ்டஈடு என்று ஒரு பைசா கிடையாது. கத்தி வழக்கோ, நான் அந்த வேலையை விட்டு வருகிற வரைக்கும் சாட்சி விசாரணைக்கே வரவில்லை.

உத்தரவு நகல் வாங்க வந்த அன்று அந்த அம்மா அதே கட்டைப்பையிலிருந்து புக்லெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “இதப் பழைய பேப்பருக்குப் போட்டுரலாமா தம்பி?”

“வேண்டாம்மா, பத்திரமா வைங்க” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நூல் பிரிந்திருந்த ஓரத்தை இறுக்கி முடிந்து திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.