20,000 ரூபாய்க்குள் லினக்ஸ் மடிக்கணினி: பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் காலம் வந்துவிட்டால், வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இருபதாயிரம் ரூபாய்க்குள் உருப்படியான லேப்டாப் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் அது புதியதாக இருக்காது. அதில் விண்டோஸும் இருக்காது; அதற்குப் பதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் இருக்கும். இந்த இரண்டையும் ஏற்றுக்கொள்ளத் தயங்காத குடும்பத்துக்கு, பட்டப்படிப்பு முடியும்வரை உழைக்கக்கூடிய ஒரு நல்ல இயந்திரம் நம் ஊரிலேயே கிடைக்கும் என்பதை விளக்கவே இந்த நீண்ட பதிவு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொள்கிற வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினிகள் பழுதாகிவிடவில்லை. அவற்றின் வேகம் நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. இருந்தும் ஒரு நிறுவனம் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட ஒரே காரணத்தால் அவற்றின் விலை சரிந்திருக்கிறது. லினக்ஸுக்கு அந்தக் கோடு கிடையாது. ஆகவே மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற இடத்தில்தான் நமக்கான பேரம் இருக்கிறது.

இந்த இடத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான என் நண்பர்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. "லினக்ஸ் எந்தப் பழைய கணினியிலும் ஓடும், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்று அவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஓடும், ஆனால் வைஃபை பிடிக்காது, அல்லது மூடித் திறந்தால் திரை கருப்பாகவே நிற்கும், அல்லது ஒலிபெருக்கி பேசாது. இத்தகைய ஒரு கணினி முதல் தடவையாக லினக்ஸைத் தொடுகிற மாணவரின் கையில் போனால், அவர் ஒரே வாரத்தில் கடைக்குத் திரும்பி, திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதன்பின் அவரிடம் எத்தனை ஆண்டுகள் பேசினாலும் லினக்ஸ் என்றால் தொல்லை என்ற எண்ணம் போகாது. தேர்ந்தெடுத்து வாங்கினால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வருவதே இல்லை.

தேர்வில் முதல் விதி, வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்பட்ட மாடல்களை விட்டுவிட்டு, அலுவலகங்களுக்கென்று தயாரிக்கப்பட்ட மாடல்களைத் தேடுவது. லெனோவோவின் திங்க்பேட் டி, எக்ஸ் வரிசைகள், டெல்லின் லேட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவை அந்த இனம். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் பணியாளர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடுவதால், அவை சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு கணினிச் சந்தைகள் வழியாகச் சிற்றூர்க் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருக்கிற வேலூர்க் கடைகளில் இரு பக்கத்துச் சரக்கையும் பார்க்க முடிகிறது.

திங்க்பேட் டி470, லேட்டிட்யூட் 7480, எலைட்புக் 840 ஜி3 ஆகிய மூன்றையும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றிலும் ராம் என்னும் நினைவகத்தைப் பொருத்த இரண்டு இடங்கள் உண்டு, சேமிப்பு வட்டான எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாற்றலாம். இவற்றில் பரவலாக இருக்கும் இன்டெல் வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அடங்கியிருப்பதால் தனியாக எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் டி480 மேலும் நல்லது. ஏனெனில் எட்டாம் தலைமுறையில்தான் இந்த வகை ஐ5 செயலி இரண்டு கருக்களிலிருந்து (கோர்) நான்கு கருக்களுக்கு உயர்ந்தது. நிரல் எழுதுகிற பிள்ளைக்கு அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அந்தத் திங்க்பேட் மாடல்களில் என்விடியா கிராஃபிக்ஸ் சேர்ந்த வகைகளும் வரும். "கேம் கூட ஆடலாம்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தருவார்கள்; அதை விட்டுவிட்டு இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ளதையே எடுங்கள். டிரைவர் தலைவலியும் குறையும், சூடும் குறையும். திரையைப் பொறுத்தவரை 1366க்கு 768 என்ற பழைய திரையை மறுத்து, 1920க்கு 1080 கேளுங்கள். நாள் முழுவதும் படிக்கிற கண்களுக்காக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதே விலையில் பளபளப்பான புதிய மடிக்கணினியும் கிடைக்கிறதே என்று பெற்றோர் கேட்பார்கள். உள்ளே பாருங்கள்: இரண்டு கருக்கள் கொண்ட செலரான் செயலி, பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த 4 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவான 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. எதையும் பிறகு கூட்ட முடியாது. இரண்டாம் ஆண்டில் உலாவியில் பத்துப் பக்கம் திறந்தாலே திணறும். இதைத் தவணையில் வாங்கிவிட்டு, திணறத் தொடங்கிய பின்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எந்த மாடலாக இருந்தாலும் பணம் கைமாறுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். பொய்கை சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. மடிக்கணினிக்கு இதுதான் பல் பார்ப்பது. 16 ஜிபி பென்டிரைவில், அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க உதவும் வென்டாய் என்னும் இலவசக் கருவியைப் பதித்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டின் நிறுவல் கோப்பை அதில் நகலெடுத்துக்கொண்டால் போதும். கணினியை இயக்கியதும் லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். வன்தட்டில் ஒன்றும் அழியாமல், எதையும் நிறுவாமல், முழு இயங்குதளமும் அந்தப் பென்டிரைவிலிருந்தே ஓடும்.

அண்மையில் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தையோடும் மகளோடும் பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது வெள்ளி நிறத்தில் மெலிதாக இருந்த ஒரு வீட்டு உபயோக மாடல். கடைக்காரர் அதை ஓடவிட்டுக் காட்டினார்; விண்டோஸில் எல்லாம் சரியாகவே இருந்தது. நான் பென்டிரைவை எடுத்ததும், "இன்னா சார், ஆன் பண்ணித்தான் காட்டிட்டனே, இன்னும் இன்னா பாக்கணும்?" என்றார். "பத்து நிமிஷம் குடுங்க பாய், உள்ள இருக்கற எதையும் தொட மாட்டேன்" என்றேன். மின்ட் திரை வந்தது. வைஃபை சின்னத்தைத் திறந்தால் பட்டியல் காலியாக இருந்தது. உள்ளே இருந்தது பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டை. தனி டிரைவரைப் போட்டால் அதுவும் வேலை செய்திருக்கக்கூடும். ஆனால் வைஃபைக்கான டிரைவரை இறக்கவே வைஃபை வேண்டியிருக்கும் நிலையில், வீட்டில் வேறு இணைய இணைப்பு இல்லாத ஒரு பெண்ணிடம் அதை எப்படிக் கொடுப்பது?

அடுத்து ஒரு டி470ஐ எடுத்தோம். வைஃபை உடனே பிடித்தது. ஒலி வந்தது, கேமரா தெரிந்தது, மூடித் திறந்தபோது விட்ட இடத்திலிருந்தே விழித்தது. எல்லா விசைகளையும் அந்தப் பெண்ணையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு யூபவர் என்ற கட்டளையைக் கொடுத்து பேட்டரியைப் பார்த்தோம். அந்த மாடலில் உள்ளே ஒன்றும், பின்புறம் கழற்றக்கூடியதாக ஒன்றும் என இரண்டு பேட்டரிகள் உண்டு. உள்ளே இருந்தது நன்றாக இருந்தது. பின்புறத்தது தயாரிக்கப்பட்டபோது கொண்ட 24 வாட்-மணியில் இப்போது 9தான் பிடிக்கிறது என்று திரையில் எழுதியிருந்தது. கடைக்காரரிடம் அந்த எண்ணைக் காட்டியதும் அவர் வாதம் செய்யவில்லை. உள்ளேயிருந்து வேறொரு பேட்டரியை எடுத்துவந்து, கணினியைக் கவிழ்த்து, இரண்டு கொக்கிகளைத் தள்ளி மாற்றிக் கொடுத்தார். "இதெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்று அந்தத் தந்தை கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

வேறு சில சோதனைகளும் உண்டு. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே கடவுச்சொல் கேட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது பழைய நிறுவனம் போட்ட பூட்டு. இந்த வகை மாடல்களில் அதை நீக்குவது எளிதல்ல. மின்டில் உள்ள டிஸ்க்ஸ் என்னும் செயலி, எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பழுதடைந்த பகுதி இருக்கிறதா என்பதைக் காட்டும். லினக்ஸ் நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில மாடல்களில் பயாஸில் சேமிப்பு முறை ரெய்டு என்று வைக்கப்பட்டிருக்கும், அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரிந்துவிடும். கைரேகைப் பொறி மட்டும் இந்த வகைக் கணினிகள் பலவற்றில் லினக்ஸில் வேலை செய்வதில்லை. அதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், பல ஆண்டுகள் ஏ.சி. அறையிலேயே இருந்த கணினி இங்கே வந்ததும் சூட்டில் தடுமாறும். வாங்கும்போதே காற்றாடியைச் சுத்தம் செய்து, செயலியின் மேல் சூட்டைக் கடத்தும் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்துத் தரச் சொல்லுங்கள். விடுதியில் எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைத்திருக்கும் பிள்ளைகள், 80 விழுக்காட்டோடு மின்னேற்றம் நிற்கும்படி அமைத்துக்கொண்டால் பேட்டரி நெடுநாள் வரும். திங்க்பேட்களில் லினக்ஸிலிருந்தே இதைச் செய்யலாம்.

கடைகளில் "விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஃப்ரீயாப் போட்டுத் தர்றோம்" என்று சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உரிமம் இல்லாமல் பூட்டை உடைத்துப் போடும் அந்தச் செயலிகளோடு தீங்கு செய்யும் நிரல்களும் வந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. அதே கணினியில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள். தகுதியில்லாத கணினியில் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அதற்குப் பின்னாளில் புதுப்பிப்புகள் ஒழுங்காக வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. லினக்ஸ் மின்ட் 22க்கோ 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி ராம் இருந்தால் அதன் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் இலவச அலுவலகச் செயலியான லிப்ரே ஆபீஸில் கல்லூரிக் கட்டுரையைத் தமிழிலேயே எழுதலாம். மேலும் கற்க விரும்புவோருக்குக் கட்டற்ற மென்பொருள் பற்றிய கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழிலேயே எழுதி வருகிறது.

எல்லோரையும் லினக்ஸுக்கு வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. டேலி கற்கிற வணிகவியல் மாணவருக்கும், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிற அச்சக நண்பருக்கும், விண்டோஸில் மட்டுமே ஓடும் தேர்வுச் செயலியைக் கல்லூரி கட்டாயமாக்கியிருக்கும் பிள்ளைக்கும் விண்டோஸ்தான் வேண்டும். அவர்கள் எட்டாம் தலைமுறையை வாங்கி, முறையான உரிமத்தோடு விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி என்ன கேட்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே துறையில் விசாரித்துவிடுங்கள்.

2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே பல கணினிகளில் வந்தன. நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த லினக்ஸை ஒருமுறைகூடத் திறக்காமல் அழித்தார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. பள்ளியில் அதைச் சொல்லித்தர ஆளில்லை. பக்கத்தில் கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடத்தையே லினக்ஸில் நடத்துகிறார்கள். இங்கே அந்த வேலையை அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள்தான் செய்தாக வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் யாராவது பழைய மடிக்கணினி வாங்கப் போவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் முழு மாடல் பெயரையும் செயலியின் பெயரையும் கீழே கருத்தில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எனக்குத் தெரியாததை இங்குள்ள மற்ற நண்பர்கள் சொல்வார்கள். பென்டிரைவ் தயார் செய்யத் தெரியாதவர்கள் வெறும் பென்டிரைவோடு வந்தால் போட்டுத் தருகிறேன். ஓட்டிப் பார்க்க அனுமதிக்காத கடை என்றால், பேரம் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.