புறங்கையைக் கிள்ளினால் மட்டும் போதாது

நீர்ச்சத்துக் குறைவை அறிய நோயாளியின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்கிறது நோயாளியைப் பரிசோதிப்பது பற்றிய ஒரு கட்டுரை; மடிப்பு உடனே படியாமல் நின்றால் நீர் குறைவு என்று அர்த்தம். பாம்பன், மண்டபம் மாதிரிக் கடலோர ஊர்ப் பக்கம் அது ஏமாற்றிவிடும். வெயிலும் உப்புத்தண்ணியும் தின்ற கை. வயசாளிக்கு நல்ல உடம்பிலேயே மடிப்பு அப்படியே நிற்கும். கழுத்தடியில் இருக்கிற காறை எலும்புக்குக் கீழே கிள்ளுங்கள். நாக்கு வறண்டிருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன நிறம் என்று கேளுங்கள். கடலுக்குப் போய் வந்தவர் கேட்காமல் சொல்லமாட்டார்.

இதோடு பிரஷரும் பாருங்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்றதும் 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடியும். படுத்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் உடனே டாக்டரிடம் சொல்லணும். தலைசுற்றி விழலாம், பக்கத்திலேயே நில்லுங்கள். அவசரத்தில் சட்டைக் கைக்கு மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றுகிறார்கள், அந்த அளவை நம்பாதீர்கள்.

கடல்பாசி எடுக்கிற பெண்களுக்குப் பாறை கீறி விரலெல்லாம் புண்ணாயிருக்கும். ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நகத்தில் தேடாமல் நாக்கைப் பாருங்கள்.