உறங்… காயோ

அப்பா பாடிய தாலாட்டு ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்த என் மகளைத் தூங்க வைக்கப் பாடியது. மூன்று நிமிடத்துச் சொச்சம். அப்போதே அவருக்கு நுரையீரல் பாதி பழுது. ஒரு வரியை ஒரே மூச்சில் பாடி முடிக்க முடியாது. 'உறங்காயோ' என்ற சொல் வரும்போது 'உறங்' என்பதோடு காற்று தீர்ந்துபோகும். ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்குள் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் 'காயோ'.

போன மாதம் அவருடைய நினைவு நாளுக்காகத் தம்பி அந்தப் பதிவை ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டுச் சுத்தம் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். ஃபேன் இரைச்சல் போயிருந்தது. சுருதி விலகிய இடமெல்லாம் சேர்ந்திருந்தது. மூச்சு இழுப்பு ஒன்றுகூட இல்லை. 'உறங்காயோ' முழுச் சொல்லாக, வழவழவென்று வந்தது. எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள். நான் மூன்று தடவை கேட்டேன். அப்பாவின் குரல்தான். ஆனால் அதைப் பாடுகிறவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி மேல் கோபமில்லை. அவன் அன்பினால் செய்தான். செயலி மேலும் கோபப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரி மென்பொருளைப் பழக்கும் விதம் எளிமையானது: சுத்தமான குரல்களோடு விதவிதமான இரைச்சலைக் கலந்து கொடுத்து, குரலை மட்டும் பிரித்துத் தரச் சொல்கிறார்கள். எதைக் குரல் என்று காட்டவில்லையோ அதெல்லாம் அதற்கு இரைச்சல். அப்பாவின் மூச்சு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. சுருதி திருத்துவது இன்னும் பழைய வித்தை. 1997-இல் வந்த ஆட்டோ-டியூன், குரல் எந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே இழுத்து நிறுத்தும். அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன்னால் நில அதிர்வலைகளை அலசி எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர்.

இந்தப் பேச்சு வந்தாலே 'குறைதானே அழகு' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. குறையோடு போராடிய ஒருவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? ஓவியர் மோனேவுக்குக் கண்புரை இருப்பது 1912-இல் தெரிந்தது. போகப் போக நிறங்கள் மங்கின. வர்ணக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துத்தான் நிறத்தை எடுத்தார். 1923-இல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அந்த வருடங்களில் அவர் வரைந்த தோட்டம் செம்பழுப்பாக எரிகிறது. நாம் அதன் முன்னால் நின்று உருகுகிறோம். அவர் விரும்பியது சரியாகப் பார்க்க. அப்பா விரும்பியதும் ஒரே மூச்சில் பாட.

தவிர, குறை இருந்தாலே கலையாகிவிடும் என்றால் இயந்திரத்திடம் அதற்கா பஞ்சம்? ஏஐ வரைந்த ஆறு விரல் கைகளை எல்லோரும் பார்த்திருப்போம். யாரும் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. இசை மென்பொருள்களில் 'ஹியூமனைஸ்' என்றே ஒரு வசதி ரொம்ப காலமாக உண்டு. டிரம் அடிகளைச் சில மில்லி நொடிகள் அங்கேயும் இங்கேயும் தள்ளி, மனிதர் வாசித்த மாதிரி ஆக்கும். 2011-இல் ஹோல்கர் ஹென்னிக் என்ற இயற்பியலாளரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மனிதர் தாளம் போடும்போது நேரும் பிசகுகள் குருட்டாம்போக்கில் விழுவதில்லை. வெகுநேரம் முன்னால் நேர்ந்த பிசகோடும் இப்போது நேர்வதற்குத் தொடர்பு இருக்கிறது. கேட்டவர்களுக்கும் வெறுமனே கலைத்துப் போட்ட தாளத்தைவிட, இந்தத் தொடர்புள்ள தாளமே பிடித்திருந்தது. முந்தைய பிசகைக் கை மறப்பதில்லை போலிருக்கிறது.

சரி, அதையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். நாளைக்கு மூச்சு இழுப்பும் விசிலும் நடுக்கமும் ஒரு பொத்தானில் கிடைக்கும். கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிடைக்கும். அப்போது என்ன சொல்வது?

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம். வழு என்றால் பிழை. வழாநிலை என்றால் பிழையின்மை. இந்த இரண்டோடு நிற்காமல் வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்தார்கள். பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் பிழையென்று தள்ளுவதில்லை. திணையும் பாலும் மாறி வந்தாலும் ஏற்கத்தக்க காரணங்களாக நன்னூல் ஐந்தைச் சொல்கிறது: உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால், மகிழ்ச்சியில் சொன்னதால் அது சரி. அந்த மகிழ்ச்சி இல்லாமல் அதே மூன்று சொற்களைச் சொன்னால் பிழை. எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்றுதான். சொன்னவருக்குள் என்ன நடந்தது என்பதைக் கேட்காமல் இந்த இலக்கணம் தீர்ப்புச் சொல்வதில்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு அப்பாவின் பதிவை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தச் சொல் அதில் ஐந்து முறை வருகிறது. முதல் இரண்டு முறை உடைகிறது. தானாக உடைகிறது, அவருக்கே அது எதிர்பாராதது. மூன்றாவது முறை, முந்தைய சொல்லைச் சீக்கிரமாக முடித்து மூச்சைத் திருடிக்கொள்கிறார். சொல் முழுதாக வருகிறது, ஆனால் வரியின் நடை கெடுகிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான்காவது முறை 'உறங்…' என்று வேண்டுமென்றே நீட்டி, காற்றைத் தானே நிறுத்தி, குழந்தை இமை மூடக் காத்திருக்கிற மாதிரி ஒரு இடைவெளி விட்டு, 'காயோ' என்று இறங்குகிறார். ஐந்தாவதும் அப்படியே. முதலில் தடுக்கி விழுந்த இடம், கடைசியில் அவர் கால் வைத்து இறங்கும் படியாகிவிட்டது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனிதர் தன் இயலாமையைக் கேட்டு, அதனோடு பேசி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். செயலி ஐந்தையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டது.

ஏஐ வைத்துப் படமோ பாட்டோ செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அதிலும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அழித்து, மறுபடி முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பயம் இப்போதுதான் பாடவும் வரையவும் எழுதவும் தொடங்குகிற பிள்ளைகளைப் பற்றியது. பாடும்போதே சுருதி திருத்திக் காதுக்குள் அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. கோணலான முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் சீரான வரி எதிரே வந்து நிற்கிறது. தன் குரல் எங்கே வழுக்குகிறது என்றே ஒரு பிள்ளை கேட்காவிட்டால், அந்த வழுக்கலை வைத்து அது என்ன செய்யும்? திருத்தலாம், மறைக்கலாம், அப்பா செய்த மாதிரி பாட்டாக்கலாம். இதில் எதையும் செய்ய முதலில் அது காதில் விழ வேண்டும். தயவுசெய்து பிள்ளைகளின் முதல் பதிவை அப்படியே அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். திருத்துவதெல்லாம் அப்புறம். பெரியவர்களின் பதிவைச் சுத்தம் செய்கிறவர்கள் பழையதை அழிக்காமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பழைய பதிவையும் குழுவில் போடச் சொன்னான். போட்டேன்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அந்தப் பாட்டை அவள் கற்றது பழைய பதிவைக் கேட்டுத்தான். நேற்று அத்தை மகன் குழந்தையை மடியில் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. நாலு வரியை ஒரே மூச்சில் பாடுவாள். 'உறங்' வந்ததும் நிறுத்தினாள். குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். மெதுவாக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, அப்புறம் 'காயோ' என்றாள்.