கருவி சொன்னதாம், நாங்கள் தடுக்கிறோமாம்

வெள்ளிக்கிழமை இரவிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். "மூத்த டிபிஏக்கள் (தரவுத்தள நிர்வாகிகள்) இதற்கு என்ன சொல்லப் போகிறார்கள்?" என்ற கேள்விக்குக் கீழே என் பெயரையும் இணைத்து, அதன்மேல் சிரிப்புக் குறிகளை வரிசையாகப் போட்டிருப்பதால் எழுதுகிறேன். யார் பதிவிட்டார், எந்தக் குழுவில் பதிவிட்டார் என்பது உங்களுக்கே தெரியும். மறுபடியும் சொல்லி அந்தத் தம்பிக்கு விளம்பரம் தேடித் தரப்போவதில்லை.

பதிவின் சாரம் இதுதான்: ஒரு தானியங்கிக் கருவி தரவுத்தளச் சர்வரைப் பார்த்தது, பரிந்துரைகளை அடுக்கியது, அவற்றை அப்படியே, நிஜப் பயன்பாட்டில் உள்ள சர்வரில், அதாவது புரொடக்‌ஷனில் இட்டார்கள், சர்வர் பறக்கிறது, ஆகவே டிபிஏ என்ற ஆள் இனி எதற்கு. அந்தப் படத்தின் மேற்பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சர்வர் தொடங்கிச் சில மணி நேரமே ஆகியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை ஆராய்ந்து ஆலோசனை தரும் மைஎஸ்கியூஎல்டியூனர் போன்ற கருவிகள், கடந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்ட சர்வர் என்றால் பரிந்துரைகள் சரியாக இல்லாமல் போகலாம் என்று தாங்களே அச்சிட்டுச் சொல்கின்றன. அந்த எச்சரிக்கை வர வேண்டிய கீழ்ப்பகுதி படத்தில் இல்லை. கருவி நேர்மையாகத்தான் இருக்கிறது. வெட்டி ஒட்டியவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கருவி எண்ணிக்கைகளைப் படிக்கிறது. அந்த எண்ணிக்கைகள் எதனால் உருவாயின என்பது அதற்குத் தெரியாது. காரணம் தெரியாமல் தரப்பட்ட ஆலோசனையைக் காரணம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகே இட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மைஎஸ்கியூஎல்லில், டேபிள்களை இணைத்துத் தேடும் ஜாயின்களுக்கான நினைவகமாகிய ஜாயின் பஃபரின் அளவு இயல்பாக 256 கிலோபைட். இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இல்லாமல் ஓடும் ஜாயின்கள் அதிகமாக இருந்தால், பஃபரை உயர்த்துங்கள் "அல்லது" ஜாயின்களுக்கு எப்போதும் இண்டெக்ஸ் பயன்படுத்துங்கள் என்று அந்தக் கருவி சொல்லும். அவசரக்காரர்கள் அந்த "அல்லது" வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மெகாபைட்டாக உயர்த்துவார்கள்; குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) அதே குவெரிதானே, அடுத்த முறை கருவி அதற்கும் மேலே போகச் சொல்லும்; மீண்டும் உயர்த்துவார்கள். கோளாறு நினைவகத்தில் இல்லை, யாரோ அவசரமாக எழுதிய குவெரியில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் குவெரியைத் திறந்து படிக்க வேண்டும். அந்தப் படிப்பைத்தான் தாமதம் என்கிறீர்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இதைவிட ஆபத்தானது, வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவக அளவாகிய ஒர்க் மெம். இயல்பான அளவு 4 மெகாபைட். தற்காலிகக் கோப்புகள் அதிகம் உருவாகின்றன, 256 ஆக்குங்கள் என்று ஆலோசனை வந்தால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது சர்வர் முழுவதற்கும் ஒருமுறை ஒதுக்கப்படும் அளவு அன்று; ஒவ்வோர் இணைப்பும், ஒரே குவெரிக்குள் வரும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு. 100 இணைப்புகள் ஒரே வேளையில் ஆளுக்கொரு வரிசைப்படுத்தலைச் செய்தாலே 25 ஜிகாபைட் ஆகிவிடும். 16 ஜிகாபைட் ரேம் உள்ள சர்வரில் அது என்ன செய்யும் என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னல், நினைவகம் தீர்ந்ததும் போஸ்ட்கிரெஸ் புராசஸைக் கொன்று விளக்கும். வேலை குறைந்த மதிய நேரத்தில் இட்டுப் பார்த்தால் எல்லாம் பறக்கத்தான் செய்யும்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில், கண்காணிப்புக் கருவி ஒன்று பெரிய டேபிளில் இருந்த ஓர் இண்டெக்ஸை யாரும் பயன்படுத்தவில்லை என்று சிவப்பில் காட்டியது. அங்கே இருந்த மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இண்டெக்ஸ் பயன்பாட்டுக் கணக்கு ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிப்ரவரியில் பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்திருந்தோம். அந்த இண்டெக்ஸ் இருந்ததே காலாண்டுப் பொருள் சேவை வரிக் கணக்குக்காகத்தான்; ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அந்தக் கணக்கு இன்னும் ஓடவே இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னேன். "கருவி ஆதாரத்தோடு சொல்கிறது, நீங்கள் நினைவிலிருந்து சொல்கிறீர்கள்" என்ற பதில் வந்தது. சிங்கப்பூரில் ஞாயிறு மாலை கூட்டம் வழியும் தேக்காவில் செவ்வாய்க்கிழமை காலை நின்று ஆட்களை எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு இவ்வளவு அகலமான நடைபாதை எதற்கு என்று கேட்பதைப் போன்ற ஆதாரம் அது. இண்டெக்ஸை நீக்கினார்கள். ஏப்ரலில், மாதம் முடிவதற்குள் கணக்கை அனுப்பியாக வேண்டிய நேரத்தில், சில நிமிடங்களில் முடியும் ரிப்போர்ட் விடிய விடிய ஓடியது. அழைப்பு யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நீக்கிய இண்டெக்ஸின் ஸ்கிரிப்டை நான் எடுத்து வைத்திருந்தேன். அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியிருக்கக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

"வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார்" என்பவர்களுக்கு: இருக்கலாம், வீட்டுக் கடன் எனக்கும் இருக்கிறது. அதனால் 25 ஜிகாபைட் 16 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடாது.

"கிளவுடில் எல்லாம் தானாகவே நடக்கிறதே" என்ற கேள்வி நியாயமானது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் தரவுத்தளமான அஸ்யூர் எஸ்கியூஎல்லின் தானியங்கி டியூனிங் (தானே சீராக்கிக்கொள்ளும் வசதி), இண்டெக்ஸ் உருவாக்கிய பிறகு விளைவை அளந்து பார்க்கிறது. பயன் இல்லை என்றால் தானே திரும்பப் பெறுகிறது. நான் குறை கூறுகின்றவர்கள் செய்யாத வேலை அது என்பதால் அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் அதுவும் இண்டெக்ஸை நீக்குவதற்குக் கடந்த 90 நாள் பயன்பாட்டைத்தான் பார்க்கிறது. ஊழியர் வருமான விவரத்தைச் சிங்கப்பூர் வரித்துறைக்கு மார்ச் 1க்குள் அனுப்புவதற்காக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ரிப்போர்ட்டை அது எப்படி அறியும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயந்திரக் கற்றலைக் கொண்டு டியூனிங் செய்யும் ஓட்டர்டியூன் ஆய்வு 2017இல் வெளிவந்தபோது ஆவலோடு படித்தவன் நான். அதிலிருந்து பிறந்த நிறுவனம் 2024இல் மூடப்பட்டபோது மகிழ்ந்தவனும் அல்லன். கருவிகளுக்கு எதிரி என்று என்னை எழுதியவர்கள் இதையும் படித்துக்கொள்ளட்டும்.

டிபிஏ வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு நிறுவனங்கள், சர்வருக்கேற்ற போஸ்ட்கிரெஸ் அளவுகளைக் கணக்கிட்டுத் தரும் பிஜிடியூனில் கிடைக்கும் அளவுகளோடு தொடங்கலாம். இயல்பான அளவுகளைவிட நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

வங்கியில் பணிபுரிந்துகொண்டே அந்தப் பதிவுக்கு இதயக்குறி போட்டவர்களிடம்தான் எனக்கு வருத்தம். வங்கியின் முக்கியக் கணினி அமைப்பு ஒன்று எதிர்பாராமல் நின்றிருக்கும் நேரம் எந்த 12 மாதங்களிலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. கடுமையான கோளாறு என்றால் 14 நாள்களுக்குள் மூலகாரண அறிக்கையும் கொடுக்க வேண்டும். "கருவி சொன்னது, இட்டோம்" என்று அந்த அறிக்கையில் எழுத முடியுமா? உங்களில் சிலருக்கு, குவெரி ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் படிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். பல ஆண்டுகளாகச் சர்வர் விழாமல் இருப்பது தானாக நடப்பது என்று நினைத்துவிட்டீர்கள் போலும். விழுந்திருந்தால் ஒருவேளை மதிப்பு இருந்திருக்குமோ என்னவோ.

அந்தப் பரிந்துரைகளை எங்கள் சர்வரிலும் இடலாமே என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. தாராளமாக இடுங்கள். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் கருவியின் பெயரை எழுதுங்கள். ஒப்புதல் அளித்தவர், இரவு அழைப்புக்குப் பொறுப்பானவர் ஆகிய இரண்டு இடங்களிலும் மின்னஞ்சல் அனுப்பியவர் தம் பெயரையே எழுதிக் கையெழுத்திட்டால், நானே முதல் ஆளாக மாற்றத்தைச் செய்து தருகிறேன்.