என் நேரம் புறம்போக்கு இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள், அதனால் ஆதியிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. நான் இல்லாத கூட்டத்தில் என்னைக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கிய பிறகாவது ஒரு போன் போட்டிருக்கலாம். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் தாழ்ப்பாளில் மோட்டார் ரூம் சாவி தொங்குகிறது, கீழே ஒரு துணிப்பையில் வரவு செலவு நோட்டு, ரசீது புத்தகம், தண்ணீர் லாரிக்காரர் நம்பர் எழுதிய அட்டை. என்னால் முடியாது, மன்னிக்கவும் என்று குழுவில் இரண்டே வரி எழுதினேன். அதற்குத்தான் இவ்வளவும்.

"சாருக்கு என்னங்க, ரிட்டயர்டுதானுங்களே, பொழுது போகோணுமல்ல" என்று ஒருவர். அதைக்கூட விட்டுவிடலாம். "நம்ம வரிப்பணத்துல பென்ஷன் வாங்கறவரு, நமக்காக தெனம் ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டாரா?" என்று இன்னொருவர். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன் நான். அதுதான் மூன்று நாளாக மனதில் கிடந்து அறுக்கிறது.

என் நேரம் என்னுடையது. நான் ஓய்வு பெற்றவன் என்பதால் அது புறம்போக்கு நிலம் ஆகிவிடாது, வருகிறவர் எல்லாம் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போவதற்கு. அதற்குப் பட்டா என் பெயரில் இருக்கிறது, முப்பத்தேழு வருடம் உழைத்து வாங்கிய பட்டா.

1986-ல் டீசல் அசிஸ்டன்டாக, அதாவது என்ஜினில் டிரைவருக்கு உதவியாளராக, ரயில்வேயில் சேரும்போது எனக்கு 23 வயது. 2023-ல் மெயில் வண்டி லோகோ பைலட்டாக 60 வயதில் இறங்கினேன். ரயில் ஓட்டுகிறவர் என்றால் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டு போகிற வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் டூட்டிக்குக் கூப்பிடுகிற ஆள், கால் பாய் என்போம், சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார், கால் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அது ராத்திரி பதினொன்றாக இருக்கும், ஒன்றரையாக இருக்கும், பொங்கலன்று காலையாகவும் இருக்கும். பிற்காலத்தில் கைபேசி வந்தது. கதவுக்குப் பதில் அது அடித்தது, மாற்றம் அவ்வளவுதான். சரக்கு வண்டி ஓட்டிய வருடங்களில் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் போட்டுவிடுவார்கள், பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகும், நாம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஓட்டிய எந்த என்ஜினிலும் கழிப்பறை கிடையாது. அதனால் வண்டி ஏறும் முன் தண்ணீரை அளந்து குடித்துப் பழகியவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற முதல் வாரம் ஒரு சொம்பு தண்ணீரை நின்ற இடத்தில் மடமடவென்று குடித்தேன், எனக்கு அதுதான் விடுதலை, கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை அப்படி, தெரிந்துதான் சேர்ந்தேன், அந்த வேலைதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

அம்மா இறந்த அன்று நான் ஜோலார்பேட்டையில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்த தூக்கம், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு பகலை ராத்திரி ஆக்கிக்கொண்டு தூங்குகிற தூக்கம். எழுப்பிச் சொன்னார்கள். வேறு வண்டியில் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கொள்ளி வைத்தது அண்ணன். சரி, இது எதற்கு இங்கே என்று கேட்பீர்கள். "பொழுது போகோணுமல்ல" என்று எழுதினாரே, அவருக்காகத்தான். போன பொழுதுகள் எல்லாம் எங்கே போயின என்று அவருக்குத் தெரியட்டும்.

என்ஜினில் ஒரு கருவி உண்டு, டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. ஒரு நிமிடம் கையால் எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு மின்னும். கவனிக்காவிட்டால் சில நொடியில் பஸ்ஸர் கத்தும். அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். நல்ல கருவி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை "நான் விழித்திருக்கிறேன்" என்று நிரூபித்தே பழகிய உடம்பு இது. ஓய்வு பெற்று ஆறு மாதம் வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் என் வலது கை தானாக எதையோ தேடி அழுத்தப் போகும். இப்போது முழுசாக ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் பால்கனியில் உட்கார முடிகிறது. அது சோம்பேறித்தனம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றட்டும். எனக்கு அது இரண்டு வருடம் முயன்று கற்றுக்கொண்ட ஒன்று. நீங்கள் அந்த நேரத்தில் வந்து மணி அடிக்கிறீர்கள், "சார், சும்மாதானே இருக்கீங்க, ஈபி ஆபீஸ் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துருங்க" என்கிறீர்கள்.

இனி அந்த வரிப்பண விஷயம். பென்ஷன் யாரும் இரக்கப்பட்டுத் தட்டில் போடுகிற காசு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகாரா என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு: ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, ஊழியர் செய்து முடித்த வேலைக்காக அவருக்குச் சேர வேண்டியது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். குழுவில் ஒருவர் கணக்கு வேறு போட்டிருந்தார், வண்டியில் ஓடுகிற எங்களைப் போன்ற ரன்னிங் ஸ்டாஃபுக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 55 சதவீதம் சேர்த்துப் பென்ஷன் போடுவார்களாமே என்று. ஆமாம், போடுவார்கள், மற்ற ஊழியர்களைவிட எங்களுக்கு அதிகம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது? நாங்கள் ஓடிய கிலோமீட்டருக்குக் கிடைக்கும் படியில் ஒரு பங்கைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்வதால் வருவது அது. அந்தக் கிலோமீட்டர்களில் எனக்கு ஒரு தீபாவளி, ஒரு ஆடிப்பெருக்கு, பெரியவளின் பள்ளி ஆண்டு விழா எல்லாம் கிடக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அவசர பிரேக் போட்டாலும் நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். எதிரே தண்டவாளத்தைத் தாண்டுகிற மனிதர் தெரிகிறார், ஹாரனை விடாமல் அடிக்கிறோம், பிரேக்கையும் போட்டாயிற்று, அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அந்த முகங்களோடுதான் நான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதற்கு எந்தப் படியும் கிடையாது.

விவசாயிக்கு ஓய்வு உண்டா, கூலிக்காரருக்கு ஓய்வு உண்டா, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, நான் தட்டிக்கழிக்கவில்லை. என் அண்ணனுக்கு 71 வயது, பவானியில் ஜமுக்காளத் தறி. இன்றைக்கும் காலையில் தறியில் உட்காருகிறார். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது, அண்ணனின் முதுகுவலிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அரசு தரும் முதியோர் உதவித்தொகையை 2023-ல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். மகன் சம்பாதிக்கிறான் என்று அவருக்கு அதுவும் இல்லை. தனியார் கம்பெனிகளில் பி.எஃப். பிடித்தவர்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன் வாங்குகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். என் கூட அசிஸ்டன்டாக ஏறிய பையன்கள் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், எனக்குக் கிடைத்த பழைய பென்ஷன் அவர்களுக்குக் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் ஒன்று. அண்ணனுக்கு ஓய்வு இல்லை என்பதற்காக நான் மோட்டார் ரூம் சாவியை வாங்கிக்கொண்டால் அண்ணனுக்கு ஓய்வு கிடைத்துவிடுமா? அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறேன். எனக்குக் கிடைத்ததைப் பிடுங்கிக் கணக்கைச் சரிசெய்யாதீர்கள்.

சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தினமும் அஞ்சரைக்குக் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் என்னோடு நடக்க வாருங்கள், பிறகு பேசலாம்.

நேற்று குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தாள், "அண்ணா, அண்ணிக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் யாருங்ணா குடுத்தாங்க?" என்று. எல்லாக் கேள்வியிலும் எனக்கு உறைத்தது இதுதான். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. கால் பாய் தட்டும்போது என்னைவிட முன்னால் எழுந்தது என் மனைவிதான். ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்து புளிச்சோறோ எலுமிச்சம்பழச் சோறோ கட்டிக் கொடுத்தது அவள்தான். அவளுக்குக் கிலோமீட்டர் படி கிடையாது. இப்போது காலைக் காபி நான் போடுகிறேன், காய் நறுக்குகிறேன், அது பெரிய சாதனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவள் சொன்னது ஒன்று இருக்கிறது. "ஏனுங்க, இத்தன வருசமா நானும் ஒரு காதத் தெறந்து வெச்சுட்டுத்தான் தூங்கினேன். இப்பத்தான் ரெண்டு காதையும் மூடிட்டுத் தூங்கறேன்" என்றாள். முப்பத்தேழு வருடம் அவளும் டூட்டியில்தான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. செயலாளர் ஆனால் என்ன ஆகும் தெரியுமா? ராத்திரி சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தால் மணி அடிப்பீர்கள், லிப்ட் நின்றால் அடிப்பீர்கள், அவள் மறுபடி ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வாள். அந்த இரண்டு வரியை நான் எனக்காக மட்டும் எழுதவில்லை.

ஈரோட்டில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காவிரிப் பாலம் வரும். எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை, ஒரு தடவைகூட ஆற்றைப் பார்த்ததில்லை. கண் சிக்னலில் இருக்கும், வாய் அசிஸ்டன்டுக்குச் சத்தமாகச் சிக்னலைச் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது சாயங்காலம் நானும் அவளும் கருங்கல்பாளையம் கரையில் போய் உட்காருகிறோம். பாலத்தில் வண்டி போகிறது, நான் கீழே இருந்து பார்க்கிறேன். ஆடி, ஆவணியில் மேட்டூரில் தண்ணீர் நிறையத் திறந்துவிட்டால் ஆறு கரையை இடித்துக்கொண்டு செம்மண் நிறத்தில் வரும். மாசிக்கு மேல் அங்கங்கே பாறை தெரியும். அறுபது வயதுக்கு மேல்தான் என் ஊர் ஆற்றுக்கு இத்தனை நிறம் உண்டென்று எனக்குத் தெரிகிறது. கூட்டமும் சரி, லாரித் தண்ணீர் இறக்குகிற நேரமும் சரி, எல்லாம் உங்களுக்கு அந்தச் சாயங்காலத்தில்தான் வருகிறது.

குடியிருப்புக்கு நான் எதுவுமே செய்யவில்லை என்று எழுதியவருக்கு ஒன்று. போன மழைக்காலத்தில் உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி நீங்கள் ஊரில் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு போனது யார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்ல வைத்துவிட்டீர்கள். கேட்டால் செய்வேன், இனியும் செய்வேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கணக்கு நோட்டை மாதம் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன் என்று நானே சொல்லியிருப்பேன். கேட்காமல் கதவில் மாட்டிவிட்டுப் போனீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கால் பாய்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார்.

சாவியும் பையும் வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கின்றன. நோட்டில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி கூட்டம் என்று பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பவானிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், வந்துசேர ராத்திரி ஆகும், கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.