இருபதாவது டிவிஷனின் கதையைத் திருமலைக்காரர் முழுசாகப் படிக்க வேண்டும்

ஏப்ரல் 9 வந்தால் முகநூலில் திருமலையின் (திருகோணமலையின்) பழைய படங்கள் வரிசையாக வரும். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டது, சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்தது, மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது. எல்லாம் நடந்தவைதான், நினைவில் வைத்திருக்க வேண்டியவைதான். ஆனால் வருஷா வருஷம் கப்பல், விமானம், குதம் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. கடற்படை பின்வாங்கிய பிறகு ஜப்பான்காரன் கரையிறங்கியிருந்தால் இந்தத் தீவில் மறித்து நின்றிருக்க வேண்டியது காலாட்படை. அதில் பெரிய பங்கு இந்திய ஆமியுடையது. அவர்களைப் பற்றி நம் ஊர்க்காரர் யாரும் ஒரு பந்திகூட எழுதிக் காணவில்லை.

நான் சொல்ல வருவது இந்திய 20ஆவது காலாட்படை டிவிஷனைப் பற்றி. 1942 ஏப்ரலில், திருமலையில் குண்டு விழுந்த அதே மாதத்தில், பெங்களூரில் உருவாக்கப்பட்டது. தளபதி மேஜர் ஜெனரல் டக்ளஸ் கிரேசி. தொடங்கிய நாள் முதல் போர் முடியும் வரை அவர் ஒருவர்தான். அந்தக் காலத்தில் அது அபூர்வம். மூன்று பிரிகேட்டுகள்: 32, 80, 100. ஒவ்வொன்றிலும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன், ஒரு இந்தியப் பட்டாலியன், ஒரு கூர்க்கா பட்டாலியன். உருவான கொஞ்சக் காலத்திலேயே இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். 1943 வரை இங்கேதான் இருந்தது.

போர் வரலாறுகளில் இந்த இலங்கைக் காலம் இரண்டு வரியில் முடிந்துவிடும். காவலுக்கு நின்றார்கள், பயிற்சி எடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் பிரிட்டிஷ் படை தோற்றதற்கு ஒரு முக்கிய காரணம், அது றோட்டை விட்டு இறங்கத் தெரியாத படையாக இருந்தது. லொறி போகும் பாதையில் மட்டும் நின்றது. ஜப்பான்காரன் காட்டுக்குள்ளால் சுற்றி வந்து பின்னால் பாதையை மறித்தான். கிரேசியின் ஆட்கள் அந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுக்குள் இறங்கியது இலங்கையில். நம் பக்கத்துக் காட்டுக்குள் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாலையும் வீரையும் முள்ளுப்பற்றையும் அடைத்து நிற்கும் இடத்தில் பத்து யார் தூரத்தில் நிற்பவன் கண்ணில் படமாட்டான். பெங்களூர் மைதானத்தில் அணிவகுத்தவர்கள் அப்படிப்பட்ட இடத்தில் இரவு ரோந்து போகப் பழகினார்கள். பிறகு பர்மா எல்லையோரம் மணிப்பூரின் இம்பாலில் அவர்கள் தாக்குப்பிடித்ததில் இந்தத் தீவின் காட்டுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இம்பால் என்று சொன்னால் 1944 மார்ச். டிவிஷன் எல்லைக்கு அப்பால், பர்மாவுக்குள் தாமு பக்கம் நின்றது. ஜப்பானியர் பெரிய அளவில் தாக்கியதும் சண்டை போட்டபடியே பலேல் வீதி வழியாகப் பின்வாங்கி ஷெனாம் மலைமுகட்டில் நிலைகொண்டார்கள். பலேல் விமான ஓடுபாதையைக் காப்பாற்ற அந்த முகடு வேண்டும். ஸ்க்ராகி, நிப்பொன் ஹில், கிரீட், மால்டா, ஜிப்ரால்டர் என்று ஒவ்வொரு மொட்டைக் குன்றுக்கும் ஒரு பெயர். ஒரே குன்று கைமாறிக் கைமாறிப் போனது. அதே பலேல் பக்கம் எதிரணியில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் நின்றது. அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர் ஏராளம். இந்தப் பக்கத்திலோ, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் விருதுகளில் இன்றைக்கும் தாமு வீதியும் உக்ருலும் இருக்கின்றன. இம்பால் போர் தமிழருக்குத் தூரத்து நியூஸ் இல்லை.

1945 பெப்ரவரி 12 இரவு பர்மாவில் மின்மு பக்கத்தில் ஐராவதி ஆற்றைக் கடந்தார்கள். நான்கு நாள் கழித்து, 16ஆம் திகதி இரவு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெமதார் பிரகாஷ் சிங்கின் பிளட்டூன் மேல் ஜப்பானியர் அலை அலையாக வந்து விழுந்தார்கள். அவருக்கு இரண்டு கணுக்காலிலும் சூடு. நடக்க முடியாமல் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய் ஆட்களுக்குத் தைரியம் சொன்னார். திரும்பவும் காயம், திரும்பவும் ஊர்ந்தார். கடைசியில் கைக்குண்டு வெடித்துச் செத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். வாசிக்கும்போது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது, அதை மறைக்க மாட்டேன்.

இன்னொன்று. ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்ததும் இலங்கைக்கு பர்மா அரிசி நின்றுபோனது. நாடு அந்த அரிசியை நம்பித்தான் இருந்தது. கூப்பன் வந்தது, அரிசி அளந்து கொடுத்தார்கள், கோதுமை மா வீடுகளுக்குள் வந்தது. சோறு மட்டும் சாப்பிட்ட நம் ஆச்சிமார் மாவுக்கும் பாணுக்கும் பழகிய கதையை எத்தனையோ வீட்டில் கேட்கலாம். பர்மாவில் நடந்த சண்டை நம் குசினிக்குள் இருந்தது.

இதுவரை வந்தது பெருமைக் கதை. இதற்குப் பிறகு வருவதைத்தான் பலர் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.

1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்த கையோடு இதே கிரேசியும் இதே டிவிஷனும் வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள். ஜப்பானியரிடம் ஆயுதம் களைவது, கைதிகளை மீட்பது, ஒழுங்கைக் காப்பது. வேலை இவ்வளவுதான் என்று சொல்லப்பட்டது. அங்கே வியட்நாமியர் ஏற்கெனவே சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள். கிரேசி இராணுவச் சட்டம் போட்டார். சிறையில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களை விடுவித்து ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று அவர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு வியட்நாமிய விடுதலை இயக்கமான வியட்மின்னோடு சண்டை. தோற்ற ஜப்பானியச் சிப்பாய்களையே அந்தச் சண்டைக்குப் பயன்படுத்தினார்கள். தன் நாட்டுக்கே சுதந்திரம் கிடைக்காத இந்தியச் சிப்பாய், இன்னொரு நாட்டை மறுபடி பிரான்ஸின் கையில் கொடுக்கச் சுட வேண்டிவந்தது. நேரு அன்றே இதைக் கண்டித்தார்.

ஒழுங்கைக் காக்க வந்த படை ஒரு பக்கத்தோடு சண்டையில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1987இல் இந்தியன் ஆமி அமைதிப்படையாக இலங்கைக்கு வந்தபோது மாலை போட்டவர்களும் நாம்தான், கொஞ்ச மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து இருந்தவர்களும் நாம்தான். கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருமலைத் துறைமுகத்தில் இருந்துதான் போனது. சைகோனும் திருமலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே ஏகாதிபத்தியம் அனுப்பிய படை, இங்கே ஒப்பந்தம் போட்டு வந்த படை. ஆனால் அனுப்புகிறவன் ஒரு வேலையைச் சொல்லி அனுப்ப, இறங்கிய இடத்தில் வேறு வேலையாகி, அதன் பாரம் சிப்பாய் தலையிலும் ஊர்ச்சனத்தின் தலையிலும் விழுவது இரண்டிலும் நடந்தது. 1987இல் முடிவெடுத்தவர்கள் 1945ஐ ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். படித்திருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பார்கள்.

பிரகாஷ் சிங்கை மதிப்பதும் சைகோனில் நடந்தது பிழை என்று சொல்வதும் ஒரே ஆளால் முடியும். சிலர் ஆமி வரலாறு என்றாலே புகழ்பாடுகிறார்கள், சிலர் அந்தப் பக்கமே திரும்பமாட்டோம் என்கிறார்கள். இரண்டுமே நமக்கு உதவாது. இந்தப் படைகளின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் வந்து போனவர்கள்: ஜெனரல்கள், ரெஜிமென்ட் ஆட்கள். அவர்கள் நின்ற ஊர்க்காரர் எழுதியது மிகக் குறைவு. உப்புவெளியில் போர்க் கல்லறையைப் பொதுநலவாய ஆணைக்குழு புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறது. நம் பக்கத்து ஞாபகங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

1942ஐ நேரில் கண்டவர்கள் இனி மிகச் சிலர். வீட்டில் தொண்ணூறு தாண்டிய ஆச்சி, அப்பு இருந்தால் இந்தக் கிழமையே போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். குண்டு விழுந்த அன்று எங்கே ஓடினார்கள், கூப்பனுக்கு என்ன கிடைத்தது, தெருவில் எந்த நாட்டுச் சிப்பாய் நின்றான், என்ன பேசினான், எல்லாவற்றையும் கேளுங்கள். 1987 முதல் 1990 வரை கண்டவர்கள் இன்னும் நம்மோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லது, கெட்டது இரண்டையும் எழுதுங்கள். கீழே கொமென்டில் போட்டாலும் சரி, உள்பெட்டியில் அனுப்பினாலும் சரி. பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே தொகுத்து வைக்கிறேன்.